நட்டு வளர்த்த முள்ளங்கி

எங்கள் அண்ணனுக்கு நெல்லைத் தவிர வேறு எதையும் வளர்க்கத் தெரியாது. ஒருமுறை மீசை வளர்த்துப் பார்த்தான். இடது பக்கம் மட்டும் வந்தது. இரண்டு மாதம் அதையும் ஒரு பயிரைப் போலப் பார்த்துக்கொண்டு, "வலது பக்கம் கொஞ்சம் லேட்டா வரும்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு நாள் சத்தமில்லாமல் அறுத்துவிட்டான்.

நெல் அறுத்த கையோடு கால்வாயை மூடிவிடுவார்கள். மறுபடி தண்ணீர் விட எழுபது நாள் ஆகும். அதுவரை வயல் அறுத்த தாளோடு சும்மா கிடக்கும். அண்ணன் வரப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஏதாவது செய்யலாமே என்று யாராவது சொன்னால், "நிலம் தூங்குது, சத்தம் போடாதீங்க" என்பான்.

நிலம் சித்தப்பா பேரில் இருந்தது. சித்தப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்றார், குரல் ஓய்வு பெறவில்லை. எங்கள் வீட்டில் அண்ணன், அண்ணி, நான் என்று மூன்றே பேர்தான். ஆனாலும் அவர் வாசலில் நுழையும்போது, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்றபடிதான் வருவார். நாங்களும் பழக்கத்தில் சுவரோரமாக நகர்ந்துகொள்வோம்.

அந்த வருஷம் அவரைத் தேடி ஒரு செங்கல் சூளைக்காரர் வந்தார். "சும்மா கிடக்கிற நிலம்தானே? எழுபது நாளைக்கு என்கிட்ட விடுங்க. மூணடி மண்ணு எடுத்துட்டு அப்படியே திருப்பித் தந்துடறேன்" என்றார். மூன்றடி மண்ணை எடுத்த பிறகு அப்படியே திருப்பித் தருவதற்கு அங்கே என்ன மிஞ்சும் என்று சித்தப்பா கேட்கவில்லை. சும்மா கிடப்பது அவருக்குப் பிடிக்காது. அவ்வளவுதான் விஷயம். காலி சீட்டைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது.

ஒப்பந்தத்தை அடித்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் காய்கறிச் சந்தைக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். முதல் தடவை மூன்றடி என்பதை மூன்று அங்குலம் என்று அடித்தேன். சூளைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். இரண்டாம் தடவை அவர் பேருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்த்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாம் தடவை மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு அண்ணிக்குப் போன் போட்டேன்.

அண்ணி நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனாள்.

"மாமா, நிலம் சும்மா கிடக்கறதுதானே உங்களுக்குப் பிரச்சினை? இந்தத் தடவை சும்மா கிடக்காது. விவசாய ஆபீஸ் மேடம் நாப்பது நாள் முள்ளங்கி விதை தராங்க. தண்ணி வர்றதுக்குள்ள எடுத்துடலாம்."

"முள்ளங்கிய யாரும்மா வாங்குவா?"

"வண்டி நிறைய சந்தைக்குப் போகும் மாமா. காலியா திரும்பி வரும்."

சித்தப்பா யோசித்தார். "காலின்னா காலி. ஒரு முள்ளங்கி மிச்சமிருந்தாலும் அன்னைக்குச் சாயங்காலமே கையெழுத்துப் போட்டுடுவேன். அப்புறம் மாமா கீமான்னு அழக் கூடாது."

"ஒண்ணுகூட இருக்காது" என்று அண்ணி சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

விதை வந்த அன்றே ஊரிலிருந்து போன். அண்ணியின் தங்கைக்குப் பிரசவம், உடனே வரவேண்டும். அண்ணி பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபடியே அண்ணனிடம் சொன்னாள்: "ஏங்க, விதை அலமாரில இருக்கு. வரிசையா வரணும், சாணுக்கு ஒண்ணு. ஈரம் காயறதுக்குள்ள முடிச்சிடுங்க. பண்ணிடுவீங்கள்ல?"

"என்ன புதுசாவா பண்றேன்?" என்றான் அண்ணன்.

அதுதான் தப்பு. அவன் புதிதாக எதுவும் பண்ணவில்லை.

பதினெட்டு நாள் கழித்து அண்ணி திரும்பி வந்தாள். பையை வைத்துவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு நேராக வயலுக்குப் போனாள். கடையே கதி என்று கிடந்த நான் அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே பதினைந்து பெண்கள் குனிந்து நின்றிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டு நாற்று, குறுக்கே கட்டிய கயிறு, ஒரு பாட்டும்கூட. அண்ணன் வரப்பில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தான், எதையோ ஜெயித்தவன் மாதிரி.

"ஏங்க, என்ன நடக்குது இங்க?"

"நடவு" என்றான் அண்ணன். "சாணுக்கு ஒண்ணு. கயிறு கட்டி அளந்திருக்கேன், வேணும்னா பாத்துக்கோ. நாத்து என்னமா வந்திருக்கு தெரியுமா? மூலையில நாத்தங்கால் போட்டு, தெளிச்சு, பதினெட்டாம் நாள் பிடுங்கி..."

"முள்ளங்கியவா பிடுங்கி நட்டீங்க?"

"நெல்லப் பிடுங்கி நடறோம்ல?"

அண்ணி ஒரு நாற்றை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். பிறகு, சின்னப் பிள்ளையிடம் கேட்பது போல மெதுவாகக் கேட்டாள்: "நெல்லுல எதைங்க சாப்பிடறோம்?"

"மேல இருக்கறத."

"முள்ளங்கில?"

அண்ணன் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான். "கீழ இருக்கறத" என்றான்.

"அந்தக் கீழ இருக்கறத பிடுங்கி, உதறி, கட்டுக் கட்டி, மறுபடி அமுக்கி வச்சா அது எப்படிங்க நேரா இறங்கும்?"

நடவு ஆட்களுக்குத் தலைவியான மேஸ்திரி அக்கா இடுப்பை நிமிர்த்தினாள். "நான் அப்பவே கேட்டேன்மா. நெல்லா இருந்தா என்ன, முள்ளங்கியா இருந்தா என்ன, நாத்து நாத்துதான்னாரு தம்பி. சரி, ஆர்டர் குடுக்கறவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுது?" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தாள். இன்னும் இரண்டு வரிசைதான் பாக்கி. விதையில் ஒன்றுகூட மிச்சமில்லை.

அண்ணி ஆபீஸ் மேடத்துக்குப் போன் செய்தாள். மேடம் முதலில் நம்பவில்லை. பிறகு ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, "செத்துப் போகாது. ஆனா எப்படி வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

செத்துப் போகவில்லை. தலை சாய்ந்து ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்த செடிகள், நாங்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிய பிறகு எழுந்து நின்றன. மேலே பார்த்தால் அப்படி ஒரு பச்சை. சித்தப்பா சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு முகம் வாடிப் போனார். "நல்லாத்தான் வருது போல" என்றார் சங்கடத்தோடு. அண்ணன் பெருமையாகத் தலையாட்டினான். அண்ணி மட்டும் ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். நான் பின்னால் நின்றிருந்தேன். முள்ளங்கிக்கு இரண்டு கால் இருந்தது. அண்ணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதைத் திரும்ப மண்ணுக்குள்ளேயே நட்டுவிட்டாள்.

"ஒண்ணு மட்டும் அப்படி இருக்கலாம் அண்ணி" என்றேன்.

"வாயை மூடு" என்றாள் அண்ணி.

தண்ணீர் வர ஐந்து நாள் இருக்கும்போது அறுவடை. ஒன்றுகூட நேராக இல்லை. ஒன்று கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று யாருக்கோ காத்திருந்து அலுத்துப்போய் இடுப்பில் கைவைத்திருந்தது. இரண்டு ஒன்றையொன்று கட்டிப்பிடித்திருந்தன. பிரிக்க மனசு வராமல் அப்படியே கூடையில் வைத்தேன். மண்ணுக்குள்ளே ஒரு கூட்டமே எங்கேயோ கிளம்பிப் போய்க்கொண்டிருந்த மாதிரியும், நாங்கள் வந்து பாதி வழியில் எல்லோரையும் நிறுத்திவிட்ட மாதிரியும் எனக்குத் தோன்றியது. இதை அண்ணியிடம் சொன்னேன். "கழுவு" என்றாள்.

மறுநாள் காலையில் டெம்போ நிறைய ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனோம். மண்டிக்காரர் ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். அது அவரை நோக்கி உதைப்பது போல் இருந்தது.

"என்னம்மா இது?"

"முள்ளங்கி அண்ணே."

"முள்ளங்கின்னா விரல் மாதிரி இருக்கும். இது ஆள் மாதிரியில்ல இருக்கு."

"ருசி ஒண்ணுதான் அண்ணே."

"ருசி இருக்கட்டும்மா, சாக்குல எப்படி அடுக்கறது? ஒண்ணு மேல ஒண்ணு காலைப் போடுது. சண்டை வந்துடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். அண்ணன் டெம்போவின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, சக்கரத்தில் இருந்த மண்ணைக் குச்சியால் சுரண்ட ஆரம்பித்தான்.

"மூணடி" என்றான் தனக்குள். "மூணடி போனா அப்புறம் நெல்லு ஏது?" அவன் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

டெம்போவை எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு முன்னால் நிறுத்தினோம். கடைக்காரர் நல்ல மனுஷர், நிழலுக்கு இடம் கொடுத்தார். ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. வந்தவர்கள் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். அண்ணி ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு தடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அடுத்த தெருத் தையல்கடை அக்கா வந்தாள். குவியலைக் கிளறினாள். இடுப்பில் கைவைத்து நின்ற முள்ளங்கியை எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பி, திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யோ! இது அப்படியே எங்க மாமியார்!"

"அப்படியா அக்கா?" என்றாள் அண்ணி.

"நிக்கறதப் பாருங்களேன். 'இன்னும் அடுப்பு பத்த வைக்கலையா'ன்னு கேக்கற மாதிரியே இல்ல? குடுங்க இதை." போகும்போது திரும்பி, "நானே நறுக்கறேன். பொடிப்பொடியா" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் காய் வாங்கிப் போய் நான் பார்த்ததில்லை.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அண்ணியைப் பார்த்தேன். கடைக்குள் ஓடி ஒரு அட்டையில் பெரிதாக எழுதினேன்: 'உங்களுக்கு வேண்டியவர்கள், வேண்டாதவர்கள், எல்லோரும் இங்கே கிடைப்பார்கள்.'

அதற்கப்புறம் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. ஒரு டீச்சர் ஹெட்மாஸ்டரைக் கண்டுபிடித்தார். ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து ஆளுக்கு ஒன்றாக ரகசியமாக எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்த்தான் காட்டுவோம் என்று போனார்கள். பக்கத்து மின்சார ஆபீஸிலிருந்து ஆறு கிளார்க்குகள் வந்து, தங்கள் அதிகாரி என்று ஒரே முள்ளங்கிக்குச் சண்டை போட்டு, கடைசியில் ஆறு துண்டாக வெட்டி எடுத்துப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த அதிகாரியே வந்தார். எங்களுக்குப் பயமாகிவிட்டது. அவர் நிதானமாகத் தேடி, ஆறு முள்ளங்கி பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் சித்தப்பா வந்தார். சட்டைப் பையில் பேனா இருந்தது. நாலு மணிக்குச் சூளைக்காரரை ஜெராக்ஸ் கடைக்கே வரச் சொல்லியிருந்தார்.

"பாதி வண்டி அப்படியே இருக்கு போலயே மருமகளே."

"பொழுது இருக்கு மாமா."

அப்போது டீக்கடைக்காரர் ஒரு குண்டு முள்ளங்கியைத் தூக்கிப் பிடித்தார். பெரிய தொப்பை. ஒரு கை மேலே தூக்கி, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பது போல.

"ஐயா, இது நீங்கதானே?"

"நானா?" சித்தப்பாவுக்கு மூக்கு விடைத்தது. "எனக்கு எங்கய்யா இவ்வளவு தொப்பை?"

கூட்டம் முள்ளங்கியைப் பார்த்தது, சித்தப்பாவைப் பார்த்தது, மறுபடி முள்ளங்கியைப் பார்த்தது. "நீங்கதான்" என்றது.

"நான் இல்லய்யா! இந்தக் குவியல்ல என்னை மாதிரி ஆளே கிடையாது. தள்ளுங்க, நான் காட்டறேன்." சட்டைக் கையை மடித்துக்கொண்டு டெம்போவில் ஏறினார். ஒன்றை எடுத்தார். ஒரு நிமிஷம் அசையாமல் நின்றார்.

"அட" என்றார். "இவரு பின் சீட்டுல தூங்கிக்கிட்டே டிப்போ வரைக்கும் வர்றவரு!"

இன்னொன்றை எடுத்தார். "டேய், இவன் சில்லறை இல்லன்னு சொல்ற ஆசாமிடா! தலைய எப்படித் திருப்பிக்கிறான் பாரு, கள்ளன்! இந்தம்மா, ஜன்னல் சீட்டுதான் வேணும்னு ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு நிக்கும். இது, படியில தொங்கற காலேஜ் பையன். எறங்குடா, எறங்குடா சொல்றேன்!"

முப்பது வருஷப் பயணிகள் எல்லோரும் அந்த டெம்போவில் இருந்தார்கள். சித்தப்பா ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டு, பெயர் தெரியாவிட்டாலும் இறங்கும் ஸ்டாப்பைச் சொல்லி, கூட்டத்துக்குள் கைமாற்றிவிட்டார். அந்தக் குரல் சந்தையின் மறுகோடி வரை கேட்டது. "முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க, பின்னாடி நிக்கறவங்களுக்கும் ஆள் இருக்கு!" மண்டிக்காரரின் ஆட்கள்கூட வந்தார்கள். மண்டிக்காரருக்கு ஒன்று வாங்கிப் போனார்கள்.

நாலு மணிக்குச் சூளைக்காரர் வேறு கடையில் அடித்த பேப்பரோடு வந்தார். டெம்போவை எட்டிப் பார்த்து விரல் விட்டு எண்ணினார்.

"பதினாலு இருக்கு. காலியாகலையே சார். கையெழுத்தப் போட்டுடலாமா?"

நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சித்தப்பா சூளைக்காரரைப் பார்த்தார். அவர் யார் என்று ஞாபகம் வர இரண்டு விநாடி ஆயிற்று. "டிரிப் முடியல சார்" என்றார்.

"என்னது?"

"வண்டி இன்னும் இங்கேயே நிக்குது. ஆளுங்க எறங்கிட்டே இருக்காங்க. ஓடற வண்டிய நிறுத்தி கணக்கு முடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது."

"வண்டி எங்க சார் ஓடுது?"

"கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்றார் சித்தப்பா. சூளைக்காரர் எதற்கென்று தெரியாமலே திரும்பினார். சித்தப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு முள்ளங்கியை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். கூட்டம் எட்டிப் பார்த்தது. பிறகு மொத்தமாக வெடித்தது. அந்தச் சின்னத் தலை, அந்த விரிந்த தோள், ஏதோ தோண்டப் போகிறவர் மாதிரி முன்னால் நீண்ட கை.

"யாருக்கு வேணும், யாருக்கு வேணும்?" என்றார் சித்தப்பா.

ஏழெட்டுக் கைகள் நீண்டன. சூளைக்காரர் முகம் சிவந்துபோய், எல்லோருக்கும் முந்தி அதைப் பிடுங்கிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். தன்னை இன்னொருவர் வீட்டில் நறுக்குவதை அவர் விரும்பவில்லை போலிருக்கிறது. பேப்பரை டெம்போ மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணி அதை எடுத்து, மிச்சமிருந்த ஈர முள்ளங்கி இலையை அதில் சுற்றி யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

சந்தை மூடும்போது மூன்று மிச்சம். தொப்பைக்காரர் ஒன்று, கட்டிப்பிடித்த இரண்டு. ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. தொண்டை கட்டிப்போயிருந்த சித்தப்பா அந்த மூன்றையும் எடுத்து, தன் துணிப்பையில் பத்திரமாக வைத்தார்.

"இவங்க என்கூட வர்றாங்க" என்றார் கரகரப்பாக. "ஸ்டாஃப்."

டெம்போ காலியாகத் திரும்பியது.

அடுத்த நாளிலிருந்து வேறு சண்டை. வருகிற வருஷம் நேராக விதைத்து, நேராக முள்ளங்கி எடுத்து, மண்டிக்காரர் மூக்கை உடைக்க வேண்டும் என்றாள் அண்ணி. "நேரான முள்ளங்கிய எவன்மா வேடிக்கை பாப்பான்?" என்றார் சித்தப்பா. நடவு தன்னுடைய யோசனைதான் என்று அண்ணன் நடுவில் புகுந்து சொன்னான். அண்ணி பார்த்த பார்வையில் வெளியே போய்விட்டான். கடைசியில் வயலில் பாதி அண்ணிக்கு, பாதி சித்தப்பாவுக்கு என்று முடிவாயிற்று.

"ஏன் அண்ணி ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"அவருக்குன்னு அங்க ஒரு பயிர் இருக்கட்டும்" என்றாள் அண்ணி. "அப்புறம் அந்த மண்ணுல ஒரு கூடை யாராவது கேட்டுப் பார்க்கட்டுமே. பஸ் ஏத்திடுவாரு."

தண்ணீர் வந்த அன்று அண்ணன் நெல் நாற்றங்காலில் நின்றிருந்தான். நான் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். சித்தப்பா வரப்பு மேலேயே சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு நோட்டு. அடுத்த வருஷம் யார் யார் மாதிரி வேண்டும் என்று நாற்பது பேரை எழுதி வைத்திருந்தார்.

"டேய், தொப்பை, கை, கால் எல்லாம் வந்துடுச்சு, சரி. மூக்கு வர்றதுக்கு என்ன உரம் போடணும்?"

அண்ணன் முழங்கால் சேற்றில் நின்றபடி ரொம்ப நேரம் யோசித்தான்.

"அதுக்கு மறுபடி பிடுங்கி ரெண்டாம் நடவு போட்டுப் பாக்கலாம் சித்தப்பா" என்றான்.